டீச்சரைக் கேளுங்கள்: “போட்டோ அனுப்பியாச்சா?”

(கொரோனா ஊரடங்குக் காலத்தில் எழுதியது.) இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது, பிள்ளை வீட்டில் ஏதோ செய்கிறது, அதைப் படம் பிடித்து வகுப்புக் குழுவில் போட வேண்டியிருக்கிறது. செய்வதைவிட அனுப்புவதுதான் பெரும்பாடு என்று பாதிப் பேர் புலம்பியிருக்கிறீர்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவள் நான். இதில் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

“என் மகன் இரண்டாம் வகுப்பு. தினமும் மாலை 6 மணிக்குள் அன்றைய செயல்பாட்டின் போட்டோவைக் குழுவில் அனுப்ப வேண்டும். மற்ற பிள்ளைகள் செய்ததெல்லாம் கடையில் வாங்கியது மாதிரி இருக்கிறது. இவன் ஒட்டினால் பசை வழிகிறது, வெட்டினால் கோணல். அனுப்புவதற்கு முன்னால் நான் கொஞ்சம் சரி செய்துவிடுகிறேன். தப்பா டீச்சர்?”
— ஓர் அம்மா

அதட்ட மாட்டேன். வகுப்பு மொத்தமும் பார்க்கும் இடத்தில் தன் பிள்ளை வேலை மட்டும் கோணலாகத் தெரிந்தால் எந்த அம்மாவுக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்று, நீங்கள் கை வைத்தது அந்த டீச்சருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். ஏழு வயதுப் பிள்ளை கத்தரித்த வட்டம் வட்டமாகவே இருக்காது. நறுக் நறுக்கென்று நிறுத்தி நிறுத்தி வெட்டுவதால் ஓரமெல்லாம் சின்னச் சின்ன நேர்கோடுகளாக இருக்கும். தாளைத் திருப்ப வேண்டும் என்று கைக்கு இன்னும் தெரியாது. கத்தரிக்கோலைத்தான் திருப்பப் பார்க்கும். வழவழவென்று ஓடும் வட்டம் வந்தால் யார் வெட்டியது என்று எங்களுக்குத் தெரியாதா?

டீச்சருக்கு அந்தக் கோணல்தான் வேண்டும். எப்படி என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். கடிகாரம் வரையச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் மேலே 12 எழுதிவிட்டு 1, 2, 3 என்று வரிசையாக இறங்குவார்கள். ஆரம்பத்தில் தாராளமாக இடம் விடுவார்கள். 7 எழுதும்போதே முக்கால் வட்டம் காலியாகிவிடும். மிச்ச எண்களெல்லாம் இடது பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இன்னொரு வகைப் பிள்ளை நெருக்கி நெருக்கி எழுதி, எல்லா எண்களையும் பாதி வட்டத்திலேயே முடித்துவிட்டு மீதியை வெற்றிடமாக விட்டுவிடும். இப்படி ஒரு படம் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். மறுநாள் என்ன சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்துவிட்டதே! முதலில் 12, அதற்கு நேர் எதிரே 6. அப்புறம் இரண்டு பக்கமும் நடுவில் 3, 9. பிறகு ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டிரண்டு எண்கள். கடிகாரத்தோடு சேர்த்துப் பாதி, கால் என்ற கணக்கும் நடந்து முடிந்துவிடும். நீங்கள் அழித்துத் திருத்தி அனுப்பினால் டீச்சர் கண்ணில் படுவது சரியான கடிகாரம். “பரவாயில்லை, வந்துவிட்டது” என்று அவர் நிமிட முள்ளுக்குப் போய்விடுவார். பையன் அங்கே தனியாக முழித்துக்கொண்டு நிற்பான்.

அதனால் கை வைக்காமல் அனுப்புங்கள். முடிந்தால் முடித்த பிறகு ஒரு படம் எடுப்பதற்குப் பதில், பாதி வேலையில் ஒன்று எடுங்கள். கூடவே அவன் குரலில் அரை நிமிடம்: என்ன செய்தான், எது வரவில்லை. சொல்லச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பின்னால் நின்று நீங்கள் கிசுகிசுப்பது எல்லோருக்கும் நன்றாகவே கேட்கும்.

“டீச்சர், நான் நாலாம் வகுப்பு. ஈரத் துணியில பயறு முளைக்க வெச்சு போட்டோ அனுப்பினேன். எல்லாரும் கட்டைவிரல் போட்டாங்க. யாருமே எதுவும் கேக்கல. அடுத்து என்ன அனுப்பறது?”
— இதை எழுதியவருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது

கண்ணு, உன் வருத்தம் நியாயமானது. கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்த முறை படத்தோடு ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பு. “பயறுக்குள்ளிருந்து முதலில் வெளியே வந்தது வேரா, தண்டா? கண்டுபிடியுங்கள்.” பாதிப் பேர் தண்டு என்பார்கள். நீ பார்த்திருப்பாய், முதலில் எட்டிப் பார்ப்பது வேர்தான். இலை அப்புறம்தான் வரும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்து உள்பக்கம் ஈரத் தாளைச் சுற்றி வை. தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் முளைத்த பயறைச் செருகு. வெளியிலிருந்தே பார்க்கலாம். வேர் கீழே ஓரளவு நீண்டதும் டம்ளரைப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிடு. தாள் காயாமல் பார்த்துக்கொள். ஓரிரு நாளில் வேர் நுனி திரும்பவும் கீழ்நோக்கி வளைந்திருக்கும், தண்டு மேலே பார்க்கும். இருட்டில் வைத்தாலும் வேர் கீழே போகத் தவறாது. அதற்கு எது கீழ் என்று யார் சொன்னது? வேர் நுனியில் உள்ள செல்களுக்குள் மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. கனமானவை என்பதால் டம்ளரை எப்படித் திருப்பினாலும் அவை அடியில் போய் உட்காரும். எந்தப் பக்கம் அவை உட்கார்ந்தனவோ அதுதான் கீழ் என்று வேருக்குத் தெரிந்துவிடும். இதைப் படத்தோடு அனுப்பாதே. நண்பர்கள் யோசித்துப் பதில் போடட்டும், மறுநாள் சொல்லு.

இன்னும் பெரிய திட்டம் வேண்டுமா? உன் வகுப்பில் ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொள். எல்லோரும் ஒரே நாளில் ஒரே வகைப் பயறு போடுங்கள். ஒரு வீட்டில் வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு வீட்டில் அலமாரிக்குள், கும்மிருட்டில். ஒரு வீட்டில் துணியே கிடையாது, காய்ந்த தட்டு. ஒரு வீட்டில் தண்ணீருக்குள் முழுக்க முக்கி வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து குழுவில் எழுதுங்கள். அலமாரிக்குள் இருப்பதுதான் உயரத்தில் ஜெயிக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு, அது நல்ல செடியா என்று நீங்களே சண்டை போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சண்டையையும் குழுவிலேயே போடலாம், டீச்சர் கோபிக்க மாட்டார்.

“நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் 38 பிள்ளைகள். மாலையானால் போன் நிறைந்து வழிகிறது. எல்லோருக்கும் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் போட்டு முடிப்பதற்குள் இரவு பத்து மணி. அதற்கு மேல் என்னதான் செய்ய முடியும்?”

நீங்கள் ஸ்டிக்கர் போடுவதை இன்றே நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி. சலிப்பில் சொல்லவில்லை. மூன்று நாள் எல்லோருக்கும் ஒரே நட்சத்திரம் வந்தால் நான்காம் நாள் பிள்ளை அதைத் திறந்துகூடப் பார்க்காது. அது அம்மாவுக்குப் போகும் ரசீது. நாற்பது நோட்டையும் மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போடுவோமே, அந்த வேலை இப்போது போனுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நாளொன்றுக்கு ஏழெட்டுப் பேர் அனுப்பினால் போதும் என்று முறை வைத்துவிடுங்கள். திங்கள் ஒரு கூட்டம், செவ்வாய் ஒரு கூட்டம். வாரம் ஒரு முறைதான் ஒரு பிள்ளைக்கு வரும். வீட்டில் இருப்பவர்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். அந்த ஏழெட்டுப் பேருக்கும் உங்கள் குரலில் இரண்டே வாக்கியம் பேசி அனுப்புங்கள்: நான் கவனித்தது இது, எனக்கு வந்த சந்தேகம் இது. “நீ வரைந்த பூனைக்கு மீசை ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதே, அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது?” அவ்வளவு போதும். டீச்சர் தன் பூனையை உற்றுப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், அந்தப் பிள்ளை மறுநாள் நீங்கள் கேட்காமலேயே இன்னொரு பூனையோடு வந்து நிற்கும்.

எல்லாக் கேள்வியையும் நீங்கள்தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை. பிள்ளைகளை ஜோடி சேருங்கள். இன்று அனுப்பும் பிள்ளைக்கு ஜோடிப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டே தீர வேண்டும். “சூப்பர்” செல்லாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் வாரம் கேள்விகள் மொக்கையாகத்தான் இருக்கும். “ஏன் பச்சை கலர்?” என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் இடைவேளையில் நடந்துகொண்டிருந்தது இதுதான்: ஒருவன் செய்ததை இன்னொருவன் எட்டிப் பார்த்து “இது என்னடா?” என்பது. பூட்டு விழுந்தபோது முதலில் நின்று போனது அந்த எட்டிப் பார்ப்புதான். பாடத்தை யார் யாரோ நடத்திவிடுகிறார்கள்.

அப்புறம், தனித்தனியாகச் செய்து அனுப்பும் வேலையைக் குறைத்து, சேர்த்து வைத்தால்தான் அர்த்தம் வரும் வேலையை அதிகம் கொடுத்துப் பாருங்கள். எனக்குப் பிடித்தது நிழல். ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, காலை 11-லிருந்து மதியம் 1 மணி வரை கால் மணிக்கு ஒரு முறை நிழல் நுனியில் ஒரு கல் வைக்க வேண்டும். எந்தக் கல் குச்சிக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறதோ, அதை வைத்த நேரத்தைக் குழுவில் போட வேண்டும். சரியாக 12 மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்று பெரியவர்களே நம்பிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான ஊர்களில் அப்படி இருக்காது. ஒரு நாட்டுக்கே ஒரு கடிகார நேரத்தை வைத்திருக்கிறோம். சூரியன் ஒவ்வோர் இடத்துக்கும் தன் நேரத்தில்தான் உச்சிக்கு வருகிறது. கிழக்கு மேற்காக ஒரு டிகிரி தீர்க்கரேகை நகர்ந்தால் நான்கு நிமிட வித்தியாசம். ஊரடங்குக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்ட பிள்ளை உங்கள் வகுப்பில் ஒன்றிரண்டாவது இருக்கும். அந்த ஊர் கிழக்கிலோ மேற்கிலோ வெகு தூரத்தில் இருந்தால், அவர்கள் அனுப்பும் நேரம் மற்றவர்களோடு ஒத்துப்போகாது. அங்கேதான் வகுப்பு சூடுபிடிக்கும்.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் செய்ததும் ஏறக்குறைய இதுதான். கோடையில் பகல் மிக நீளமான நாளன்று நண்பகலில் எகிப்தின் சையீனில் (இன்றைய அஸ்வான்) சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது, நிழல் இல்லை. அதே நாளில் வடக்கே அலெக்சாண்டிரியாவில் நிழல் விழுகிறது. சூரியக் கதிர் எவ்வளவு சாய்வாக விழுகிறது என்று அந்த நிழலை வைத்து அளந்தார். முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 டிகிரி. இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை 50-ஆல் பெருக்கிப் பூமியின் சுற்றளவைச் சொல்லிவிட்டார். ஓர் ஊர் நிழலை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. மூன்றாம் வகுப்புக்குச் சுற்றளவு வேண்டாம். கதையை மட்டும் சொல்லுங்கள், கேட்பார்கள்.

“சரித்திரத்திலேயே இப்படிப் பள்ளிகளை மூடி வீட்டில் பாடம் நடத்தியதுண்டா? எங்கள் காலத்தில் இல்லாத கூத்து.”
— பேரனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒரு தாத்தா

உண்டு ஐயா. 1937 செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோவில் இளம்பிள்ளை வாதம் பரவியது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிகளைத் திறக்காமல் தள்ளிவைத்தார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வானொலியில் பாடம். ஒவ்வொன்றும் கால் மணி நேரம். எந்த வகுப்புக்கு எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு என்று காலைச் செய்தித்தாளில் அட்டவணை வந்தது, கேள்விகளும் அதிலேயே. பெற்றோரின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஆசிரியர்கள் தொலைபேசியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது வந்த புகார்களைக் கேட்டால் நேற்று வந்தவை மாதிரி இருக்கும்: சில வீடுகளில் நிலையம் சரியாக எடுக்கவில்லை, பாடம் வேகமாக ஓடுகிறது, புரியாத இடத்தில் கையைத் தூக்கிக் கேட்க வழியில்லை. பிள்ளை வானொலியைக் கேட்கலாம். வானொலி பிள்ளையைக் கேட்காது. உங்கள் பேரன் கையில் இருப்பது இரண்டு பக்கமும் பேசும் கருவி. அதை ஒருபக்க வானொலி மாதிரி வைத்துக்கொள்ளாமல், அவன் டீச்சரிடம் திருப்பிப் பேசுகிறானா என்று மட்டும் பாருங்கள்.

உலக அளவிலோ இதற்கு முன் இப்படி நடந்ததில்லை. 2020 ஏப்ரலில் 190-க்கும் அதிகமான நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்பது யுனெஸ்கோ கணக்கு. அந்த வகையில் நீங்கள் சொன்னது சரிதான், உங்கள் காலத்தில் இல்லாத கூத்து.

“கேமராவைத் தூக்கினால் என் மகள் வாயே திறக்க மாட்டேன் என்கிறாள். ஒன்றாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவள்.”

கேமராவை அவள் முகத்திலிருந்து எடுத்துவிட்டு மேசையைப் பார்த்துத் திருப்புங்கள். கைகள் மட்டும் தெரியட்டும். தாளை மடிக்கும் கை, கோடு போடும் கை. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகப் பேச ஆரம்பிக்கும். அதுவும் வேண்டாம் என்றால், செய்ததை விவரித்துப் பொம்மைக்குச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் அடுத்த அறையில் இருங்கள், போன் மட்டும் இங்கே இருக்கட்டும். பதிவு செய்ததை அவளிடம் போட்டுக் காட்டி, “அனுப்பட்டுமா?” என்று கேட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். ஆறு வயதுக்கும் அந்த உரிமை உண்டு.

“மகன் செய்த மாடலை என் பேஸ்புக்கிலும் ஸ்டேட்டஸிலும் போடலாமா? தாத்தா பாட்டி, அலுவலக நண்பர்கள் எல்லோரும் ரசிக்கிறார்கள்.”
— ஓர் அப்பா

மாடலைத் தாராளமாகப் போடுங்கள். மகனைப் போடும் முன்னால் யோசியுங்கள்.

படத்தில் என்னென்ன விழுந்திருக்கிறது என்று ஒரு முறை ஓரங்களைப் பாருங்கள். சீருடையில் பள்ளிப் பெயர் இருக்கும். பின்னால் கதவு எண் தெரியும். நோட்டு அட்டையில் முழுப் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் அவனே எழுதி வைத்திருப்பான். நாம்தானே எழுதச் சொன்னோம்! இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் அறிமுகமில்லாத ஒருவருக்கு உங்கள் பிள்ளை எங்கே இருப்பான் என்று தெரிந்துவிடும். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். கேமரா அமைப்புகளுக்குள் போய் இடப் பதிவை அணைத்துவிடுங்கள், ஒரு முறை செய்தால் போதும்.

வகுப்புக் குழுவில் வந்த மற்ற பிள்ளைகளின் படங்களை வெளியே அனுப்பவே கூடாது. “என்ன அழகாப் பாடுது பாரு” என்று பாசத்தில்கூட வேண்டாம். அந்த அம்மா உங்களை நம்பி அனுப்பவில்லை, டீச்சரை நம்பி அனுப்பினார்.

“பிள்ளைகள் செய்த அட்டைப்பெட்டி வீடு, ராக்கெட், பாலம் என்று கால் வைக்க இடமில்லை. எப்போது தூக்கிப் போடலாம்?”

அவர்கள் தூங்கும்போது மட்டும் வேண்டாம். காலையில் ஆள் வைத்துத் தேடுவார்கள். மூன்றை மட்டும் வைத்துக்கொள், எவை என்று நீயே சொல் என்று விட்டுவிடுங்கள். மற்றதைப் படம் எடுத்து வையுங்கள். ராக்கெட்டைப் பிரித்துப் பாலம் கட்டச் சொல்லலாம், அதுவும் வேலைதான்.

“வீட்டில் ஒரே போன். அதுவும் கணவர் வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். இரவு 9 மணிக்கு வந்தால் பிள்ளைகள் இரண்டும் தூக்கம். குழுவில் எங்கள் பிள்ளைகளின் பெயரே வருவதில்லை. ‘அனுப்பாதவர்கள் பட்டியல்’ என்று ஒன்று வந்தது, அதில் மட்டும் இருந்தது.”

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் உங்கள் மீது இல்லை. யார் அனுப்பவில்லை என்று பொதுவில் பட்டியல் போடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இங்கே வெளியிடுகிறேன். வீட்டிலிருந்து படிக்கும் வசதி எட்டாத பிள்ளைகள் உலகம் முழுவதும் 46 கோடிக்கு மேல் என்று யுனிசெஃப் 2020 ஆகஸ்டில் சொன்னது. பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு. அத்தனை பேரையும் எந்தப் பட்டியலில் போடுவார்களாம்?

உங்கள் டீச்சருக்கு ஒரு சாதாரண அழைப்பு போட்டு நிலைமையைச் சொல்லுங்கள். “வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை, போன் வீட்டில் இருக்கும். பிள்ளைகள் உங்களோடு பேசலாமா?” என்று கேளுங்கள். படம் வேண்டாம், குழு வேண்டாம். ஐந்து நிமிடம் பேசினால் ஏழு போட்டோவில் தெரியாதது தெரியும். எந்த நல்ல டீச்சரும் மறுக்க மாட்டார்.

மற்ற நாளெல்லாம் ஒரு நோட்டு போதும். நிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாளில் சூரியன் மறைந்த கையோடு மேற்கே மெல்லிய பிறை தெரியும். அன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். நோட்டில் ஒரு பக்கத்தில் தரையையும், எதிரே தெரியும் மரத்தையோ கட்டடத்தையோ கோடாக வரைந்துகொள்ள வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று, நிலா எங்கே நிற்கிறது, எந்த வடிவத்தில் என்று அந்தப் படத்திலேயே குறித்துத் தேதி போட வேண்டும். ஒவ்வொரு நாளும் அது கிழக்குப் பக்கம் தள்ளிப் போயிருக்கும், கொஞ்சம் பெருத்தும் இருக்கும். ஒரு வாரத்தில் அரை நிலா, சாயங்காலம் உச்சிக்குக் கிட்டத்தில் நிற்கும். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே எழும். அதற்கப்புறம் மாலையில் தேடினால் கிடைக்காது. தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழும். “நிலா எங்கே போச்சு?” என்று பிள்ளை கேட்கும். விடியற்காலையில் எழுப்பிக் காட்டுங்கள், இருக்கும்.

இரண்டு பிள்ளைகளும் ஒரே படத்தில் குறிக்காமல் ஆளுக்கொரு படம் போடட்டும். ஒருவருக்கொருவர் காட்டிச் சண்டை பிடித்தால் அதுவும் பகிர்வுதான். நோட்டு அழியாது. பள்ளி திறந்ததும் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். பட்டியலில் இருந்த பெயர் அந்த நோட்டின் மேலே எழுதியிருக்கும்.

“என் மகள் ஐந்தாம் வகுப்பு. ஊரடங்கு தொடங்கியதிலிருந்து இணையவழிப் போட்டிகளில் 26 சான்றிதழ்கள் வாங்கியிருக்கிறாள். இவளை மேலும் எப்படி ஊக்குவிப்பது?”

27-ஆவதுக்குப் பதில், ஒரு வாரம் சும்மா விட்டுப் பாருங்கள். அலுத்துப் போய் அவளாக ஒன்றைக் கையில் எடுப்பாள் பாருங்கள், அது என்னவென்று எனக்கு எழுதுங்கள். சான்றிதழ் நான் தருகிறேன்.

“நாங்கள் இருவரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். பிள்ளையை உட்கார வைத்துச் செயல்பாடு செய்ய நேரமே இல்லை. குழுவில் மற்றவர்கள் போடுவதைப் பார்த்தால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. இரண்டாம் வகுப்புப் பையன். எதையாவது உருப்படியாகச் செய்ய வைக்க வழி சொல்லுங்கள்.”

வண்ணத் தாள், மினுமினுப்புத் தூள், பசை எதுவும் வாங்காதீர்கள். அவனை மேசையை அளக்கச் சொல்லுங்கள். அளவுகோல் கொடுக்க வேண்டாம். சாணால் அளக்கட்டும்: கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை. எத்தனை சாண் என்று எழுதி வைக்கட்டும். சாயங்காலம் நீங்கள் வேலையை மூடிவிட்டு எழுந்ததும், “இப்போ நீங்க அளங்க” என்று வருவான். அவனுக்கு பன்னிரண்டு வந்தது உங்களுக்கு எட்டுதான் வரும். ஒரே மேசை, இரண்டு விடை. யார் சொன்னது சரி? நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள், அங்கேதான் எல்லோரும் கெடுக்கிறார்கள். “நம்ம ரெண்டு பேரும் போன்ல பேசி ஒரு மேசை செய்யச் சொல்லணும்னா, எத்தனை சாண்னு சொல்லுவோம்?” என்று கேட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகட்டும். யாருக்கும் மாறாத ஒரு குச்சியை வைத்து அளக்க வேண்டும் என்று அவனாகவே வந்து சொல்லும் வாய்ப்பு நிறைய இருக்கிறது. அப்போது அளவுகோலை எடுத்துக் கொடுங்கள். சென்டிமீட்டர் எதற்கு என்று அதன் பிறகு யாரும் அவனுக்கு விளக்க வேண்டியிருக்காது.

துணி மடிக்கும்போது பாதி, கால், அரைக்கால் வருகிறது. படிக்கட்டில் இரண்டிரண்டாக ஏறினால் இரண்டாம் வாய்ப்பாடு வருகிறது. அவனிடம் தம்பி தங்கை இருந்தால் கதைப் புத்தகம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்கிறவர் சின்னவர் என்றால் வாசிக்கும் குரலே மாறும். இவை எதற்கும் போட்டோ கிடையாது. குழுவில் போட ஒன்றும் இல்லையே என்று கவலைப்பட்டால், “இன்று எங்கள் மேசை 12 சாண், அப்பாவுக்கு 8. உங்கள் வீட்டில்?” என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பதில் எத்தனை வருகிறது என்று பாருங்கள்.

அடுத்த இதழுக்கு: மேலே சொன்ன நிழல் வேலையைச் செய்த பிள்ளைகள் எனக்கும் எழுதலாம். குச்சியின் நீளம், மிகக் குட்டை நிழலின் நீளம், அப்போது மணி என்ன, தேதி. வீட்டு முகவரி வேண்டாம், ஊர்ப் பெயர் மட்டும் போதும். கூடவே ஒரு கேள்வியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அச்சேறாது. மேகமூட்டமாக இருந்து நிழலே விழவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், எத்தனை மணிக்கு மேகம் வந்தது என்பதோடு. பெரியவர்கள் எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரிந்துவிடும், சொல்லிவிட்டேன்.